ஆமர் வீதித் தண்ணீரில் நின்றுபோன கொரோலா: எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

வணக்கம். வாகன வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள். இரண்டு நாளாகச் சரியான நித்திரை இல்லை.

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு கொரோலா 121. 1500 சீசீ பெற்றோல், ஓட்டோ கியர். அப்பா வாங்கியது. அவர் போய் மூன்று வருடமாகிறது. இந்த வியாழக்கிழமை வரைக்கும் அந்தக் கார் ஒரு நாள்கூட என்னை நடுவீதியில் விட்டதில்லை.

வியாழன் பின்னேரம் கொழும்பில் மகளைப் பம்பலப்பிட்டி நடன வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மருதானையில் மழை பிடித்தது. பஞ்சிகாவத்தை தாண்டும்போது வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஆமர் வீதிச் சந்தியில் தண்ணீர் ரயரின் பாதிக்கு மேல் நின்றது. பின்னால் வரிசையாக வாகனங்கள், திரும்ப இடமில்லை. முன்னால் போன த்ரீவீலர் ஒன்று கடந்துவிட்டதைப் பார்த்து நானும் மெதுவாக இறங்கினேன். பாதித் தூரம் நன்றாகத்தான் வந்தேன். அப்போது எதிர்ப்பக்கத்தால் ஒரு பஸ் வேகத்தைக் குறைக்காமலே வந்தது. அது கிளப்பிய அலை பொனட்டின் மேல் ஏறி முன் கண்ணாடியில் அடித்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

மகள் அழத் தொடங்கிவிட்டாள். நான் பயத்தில் திறப்பைத் திருப்பினேன். முதல் தடவை எஞ்சின் சுற்றியது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது தடவை அரைச் சுற்றுச் சுற்றி "டக்" என்று நின்றது. மூன்றாவது தடவை வெறும் "டிக்" சத்தம் மட்டும். பக்கத்துக் கடைப் பையன்கள் நான்கு பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளி மேட்டில் விட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். பிறகு கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துவந்தோம்.

வெள்ளி காலை தெரிந்த ஒருவர் மூலம் ஒரு மெக்கானிக் வந்தார். பொனட்டைத் திறந்து பார்த்தார், திறப்பை ஒரு தடவை திருப்பினார், அதே "டிக்". "எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துவிட்டது, ரீகண்டிஷன் எஞ்சின் போட வேண்டும், கூலியோடு மூன்றரை லட்சம்" என்றார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு ஆணிகூடக் கழற்றாமல் அப்பாவின் காரை முடிந்தது என்று சொன்னதை ஏற்க மனம் வரவில்லை.

அவ்வளவு காசு செலவழிக்க முன்னால் உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று அறிய வழி உண்டா? என் அத்தான் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர், முந்தி ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் இருந்தவர். அவர் செய்யக்கூடிய சோதனை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைக் கரையோரம்:

ரீச்சர், பயப்பட வேண்டாம். எனக்கும் போன வருடம் தும்முல்ல சந்தியில் இப்படி நின்றது. இரண்டு நாள் பொனட்டைத் திறந்து வெயிலில் விட்டேன். மூன்றாம் நாள் ஸ்டார்ட் செய்தேன், எடுத்துவிட்டது. இன்றுவரை ஓடுகிறது. நீங்களும் நன்றாகக் காயவிட்டு ஒரு தடவை முயற்சி செய்து பாருங்கள். புதிய எஞ்சின் என்று உடனே ஓட வேண்டாம்.

தெமட்டகொடை பாஸ்:

ரீச்சர், முதலில் ஒன்று. இதற்குமேல் யார் வந்தாலும் திறப்பைக் கொடுக்காதீர்கள். பற்றரியின் மைனஸ் வயரை இப்போதே கழற்றி ஒரு பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வெள்ளவத்தைத் தம்பி நல்ல மனதோடு சொன்னார், எனக்கு விளங்குகிறது. அவருடைய காரில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலோ ஏதாவது வயர் முனையோ நனைந்து நின்றிருக்கும். அது காய்ந்தால் எடுக்கும். உங்கள் கதையில் அந்த "டக்" இருக்கிறது. அது வேறு. சிலிண்டருக்குள் நிற்கிற தண்ணீர் பொனட்டைத் திறந்து வைத்தால் போகாது. வெயில் அங்கே எட்டாது.

நான் தெமட்டகொடையில் 26 வருடமாகக் கராஜ் வேலை செய்கிறேன். என்னைப் பழக்கிய பாஸ் சிங்களவர். மழை நாளில் யார் கோல் எடுத்தாலும், ஹலோ சொல்ல முன்னமே அவர் சொல்வது "ஸ்டார்ட் கரன்ன எபா". ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அப்போது எனக்கு 19 வயது, ஏன் இந்த மனிதர் இப்படிக் கத்துகிறார் என்று நினைப்பேன். பிறகு வளைந்த கனெக்டிங் றொட்டுகளை என் கையாலேயே எத்தனையோ கழற்றிவிட்டேன்.

நடப்பது இதுதான். எஞ்சின் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. உங்கள் எஞ்சினில் நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். பிஸ்டன் கீழே இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட 415 சீசீ இடம் இருக்கும். பிஸ்டன் மேலே வந்ததும் அது 40 சீசீ அளவுக்குச் சுருங்கிவிடும். 40 சீசீ என்றால் மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. அவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றால் போதும், பிஸ்டன் முட்டி நின்றுவிடும். எஞ்சின் வேகமாக ஓடும்போது அப்படி முட்டினால் பிஸ்டனைத் தாங்குகிற தண்டான கனெக்டிங் றொட் வளையும், சில வேளை உடைந்து எஞ்சின் புளொக்கையே துளைத்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சிறியதுதான், ஆனால் அதுவும் பற்சக்கரத்தின் பலத்தோடு சுற்றுகிறது. அதுவும் வளைக்கும். அதோடு, தண்ணீருக்குள் நின்றபடி திறப்பைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் எயார் பைப்பால் இன்னும் கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சும்.

இனி அந்த மெக்கானிக் சொன்னது. தண்ணீரில் முட்டி நிற்கிற எஞ்சினும், ஒயில் இல்லாமல் உண்மையாகவே பிடித்துப்போன எஞ்சினும் திறப்பைத் திருப்பினால் ஒரே மாதிரித்தான் "டிக்" என்னும். ஸ்டார்ட்டர் நனைந்திருந்தாலும் அதே சத்தம்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் இவற்றைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. அதனால் மூன்றரை லட்சம் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

அத்தான் செய்யட்டும். எயார் பில்டர் பெட்டியைத் திறந்தால் கடதாசி நனைந்திருக்கிறதா என்று தெரியும். நனைந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. பிறகு ஒயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கட்டும். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால், அல்லது மேல் கோட்டையும் தாண்டி நின்றால் கீழே தண்ணீர் இறங்கியிருக்கிறது. நிறம் நன்றாக இருந்தாலும் நம்பக் கூடாது. எஞ்சின் ஓடாமல் நின்றால் தண்ணீர் ஒயிலோடு கலக்காமல் சம்பின், அதாவது எஞ்சினுக்குக் கீழே உள்ள ஒயில் தொட்டியின், அடியில் போய்ப் படுத்துவிடும்.

அடுத்தது பிளக். எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினால் நான்கு கொயில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 ஆணி. வயர் முனைகளைப் பிடித்து இழுக்காமல் கிளிப்பை அமுக்கிக் கழற்ற வேண்டும், பழைய பிளாஸ்டிக் உடையும். பிளக் குழிக்குள் தண்ணீர் நின்றால் முதலில் துணியாலோ காற்றாலோ எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளக் வெளியே வர அந்தத் தண்ணீர் உள்ளே விழும். பிளக்குக்கு 16 சொக்கெட். எந்தச் சிலிண்டரின் பிளக் என்று ஒழுங்காக அடையாளம் வைக்கட்டும்.

நான்கு பிளக்கும் வெளியே வந்ததும், கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புலியின் (எஞ்சினின் பக்கத்தில் பெல்ட் ஓடும் சில்லு) நடு ஆணியில் ஸ்பானர் போட்டு எஞ்சின் ஓடும் திசையில் கையால் சுற்ற வேண்டும். கையால்தான். ஒரு சுற்றுப் போதாது, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால்தான் வால்வுகள் எல்லாம் ஒரு தடவை திறந்து மூடும். எங்காவது இறுக்கிப் பிடித்தால் பலம் போடாமல் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். இலகுவாகச் சுற்றினால் உங்கள் எஞ்சின் பிடித்துப்போகவில்லை. அது மட்டும் நிச்சயம்.

பிறகுதான் பற்றரியைப் பூட்டி ஸ்டார்ட்டரால் சில விநாடி சுற்றலாம், பிளக் இல்லாமல். அதற்கு முன் பெற்றோல் தெளிக்கும் இஞ்செக்டருக்குப் போகும் பியூஸைக் கழற்ற வேண்டும், கொயில் வயர்கள் பூட்டாமலே இருக்க வேண்டும். பெற்றோலும் நெருப்பும் சந்திக்கக் கூடாது. முகத்தைப் பொனட்டுக்கு மேல் வைக்க வேண்டாம். தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும்.

முடிந்ததும் ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் கையால் சுற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிஸ்டன் ரிங்ஸும் சிலிண்டர் சுவரும் சில நாளில் துருப்பிடித்து ஒட்டிவிடும். தண்ணீர் கெடுக்காத எஞ்சினை நான்கு நாள் சும்மா நின்றது கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ஞாயிறு. நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை, இதற்கு மெசின் தேவையில்லை. நீளமான, நேரான, மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைப் பிளக் துவாரத்தால் விட்டு, பிஸ்டனின் தலையில் ஊன்றிப் பிடித்து, எஞ்சினை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். குச்சி எந்த உயரம் வரை எழும்புகிறது என்று பேனையால் கோடு போடுங்கள். உங்கள் எஞ்சினில் 1உம் 4உம் ஒன்றாக மேலே வரும், 2உம் 3உம் ஒன்றாக வரும். நான்கு கோடும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த றொட் வளைந்திருக்கிறது.

வெல்லம்பிட்டிக்காரன்:

பாஸ் சொன்னதற்கு மேல் எஞ்சினைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் வேறு இரண்டு விடயம் சொல்கிறேன்.

2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற வான் சீற் வரைக்கும் மூழ்கியது. ஆமர் வீதி மழைத் தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். எங்களுக்கு அது நாட்கணக்கில் நின்று, போகும்போது ஒரு விரல் தடிப்புக்குச் சேற்றை விட்டுப் போனது. எஞ்சினை ஒரு மாதிரித் திருத்திவிட்டோம். என்னைக் கஷ்டப்படுத்தியது உள்ளே இருந்த வயர்தான். ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக விட்டது, முதலில் கதவுக் கண்ணாடி, பிறகு மீற்றர், பிறகு ஏசி. வெட்டிப் பார்த்தால் வயருக்குள் பச்சைப் பூசணம் மாதிரி.

ரீச்சர், உங்கள் காரின் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் உள்ள தடித்த பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நனைந்திருந்தால் முன் சீற்றுகளைக் கழற்றிக் கம்பளத்தை முழுதாக வெளியே எடுங்கள். இடையில் வெட்டி எடுக்க விடாதீர்கள். சீற்றுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் முனை இருந்தால் அது எயார்பாக் சம்பந்தப்பட்டது, பற்றரி கழற்றிச் சிறிது நேரம் போகாமல் அதைத் தொடக் கூடாது. அது கான் தண்ணீர் என்பதால் கையுறை போட்டு வேலை செய்யுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் விட வேண்டாம்.

இரண்டாவது, காப்புறுதி. உங்களிடம் இருப்பது மூன்றாம் தரப்பு மட்டுமா, முழுக் காப்புறுதியா? முழுக் காப்புறுதி என்றால் வெள்ளம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பொலிசிக் கடதாசியை எடுத்து வாசியுங்கள், பொலிசிக்குப் பொலிசி மாறும். ஆணி கழற்ற முன்னால் அவர்களுக்கு அறிவித்துவிடுங்கள். கதவில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த பில்டர், ஒயில் ஸ்டிக் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் வானைக் கழுவித் துடைத்த பிறகுதான் நான் கோல் எடுத்தேன். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

மட்டக்குளி அக்குவா:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஹைபிரிட் காருக்கும் இதே முறைதானா? என்னுடைய அக்குவா தண்ணீரில் நிற்கவில்லை, ஆனால் பின் சீற்றுப் பக்கம் தரை ஈரமாக இருக்கிறது.

தெமட்டகொடை பாஸ்:

தம்பி, அக்குவாவை நீங்கள் வீட்டில் திறக்க வேண்டாம். பெரிய பற்றரி பின் சீற்றுக்கு அடியில்தான் இருக்கிறது, 144 வோல்ட். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். பவர் பொத்தானை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், ஹைபிரிட்டில் எஞ்சின் தேவைப்பட்டால் தானாகவே சுற்றத் தொடங்கிவிடும். முன் சக்கரம் இரண்டையும் தூக்கியபடி, அல்லது முழுக் காரையும் லொறியில் ஏற்றி, ஹைபிரிட் தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

பாஸ் அண்ணா, உங்கள் பதிலைக் கடதாசியில் எழுதி அத்தானிடம் கொடுத்தேன். படங்கள் எடுத்துக் காப்புறுதிக்கு அறிவித்த பிறகு நேற்றுப் பின்னேரம் முழுக்க வேலை செய்தோம். நான் டோர்ச் பிடித்தேன்.

எயார் பில்டர் பிழிந்தால் தண்ணீர் வந்தது. எஞ்சின் கையால் சுற்றியது! அந்த நேரம் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டார்ட்டரால் சுற்றியபோது 3ஆம் சிலிண்டரிலிருந்து மண் நிறத் தண்ணீர் பொனட் உயரத்துக்குப் பாய்ந்தது, 2இலிருந்து கொஞ்சம் தூவியது. 1உம் 4உம் காய்ந்துதான் இருந்தன.

குச்சிக் கணக்கு: 1, 2, 4 மூன்றும் ஒரே கோட்டில். 3ஆம் பிஸ்டன் கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் கீழே நிற்கிறது. மூன்று தடவை அளந்தோம், அதேதான். ஒயில் ஆணியைக் கழற்றியபோது முதலில் அரைக் கோப்பை தண்ணீர் வந்து பிறகுதான் ஒயில் வந்தது. ஒயில் விட்டுச் சுற்றிவிட்டோம். அத்தான், "3 மில்லிமீற்றர்தானே, பூட்டி ஓடிப் பார்ப்போமா" என்கிறார். செய்யலாமா?

தெமட்டகொடை பாஸ்:

வேண்டாம். அத்தான் வடிவாக வேலை செய்திருக்கிறார், அவருக்கு என் பாராட்டு. ஆனால் பூட்ட வேண்டாம். ஸ்டார்ட் செய்தால் எடுக்கும், ஓடும், அதுதான் ஆபத்து. வளைந்த றொட் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனைச் சுவரில் சாய்த்து உரசும். ஒரு மாதமோ ஆறு மாதமோ கழித்து உடையும். அன்றைக்கு உண்மையாகவே புது எஞ்சின் தேவைப்படும்.

இப்போது தேவை ஒரு றொட் மட்டும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையும் கீழே உள்ள சம்பையும் கழற்றி 3ஆம் பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டும். வளைந்ததை அழுத்தி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அதே எஞ்சினின் நல்ல றொட் தேடி எடுக்கலாம். வாங்க முன்னால் மற்ற மூன்றோடு நிறுத்துப் பார்க்க வேண்டும், நிறை வித்தியாசமாக இருந்தால் எஞ்சின் நடுங்கும். 3ஆம் சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா, கிராங்க் நல்லதா என்று பார்த்து, பெயாரிங்கும் ஹெட் கஸ்கெட்டும் புதிதாகப் போட வேண்டும். வேலை செய்பவர் யாராக இருந்தாலும் கழற்றிய றொட்டை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.

பூட்டிய பிறகு மலிவான ஒயிலும் புது ஒயில் பில்டரும் போட்டு, கார் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு, அதை ஊற்றிவிட்டு நல்ல ஒயில் போடுங்கள். இந்த எஞ்சினுக்குப் பில்டரோடு 3.7 லீற்றர். ஓட்டோ கியர் ஒயிலையும் இழுத்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் சரி. இளஞ்சிவப்பாகப் பால் கலந்த மாதிரி இருந்தால் ஓட்டவே கூடாது, உள்ளே இருக்கும் பிளேட்டுகளின் பசையைத் தண்ணீர் கழற்றிவிடும். பின் பிரேக் டிரம் இரண்டையும் திறந்து துடைக்கும்வரை ஹாண்ட் பிரேக் இழுத்து வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

பாஸ் அண்ணா, வெல்லம்பிட்டி அண்ணா, எல்லோருக்கும். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். கார் நேற்று வீட்டுக்கு வந்தது.

3ஆம் சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, கிராங்கும் நல்லது. றொட், பெயாரிங், கஸ்கெட், ஒயில், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம் முடிந்தது. கியர் ஒயில் தெளிந்த சிவப்பு. காப்புறுதியிலிருந்து வந்தவர், தண்ணீரில் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தீர்களா என்று கேட்டார். மூன்று தடவை திருப்பினேன் என்று உள்ளதைச் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை.

கம்பளத்தின் பஞ்சு இன்னும் விறாந்தையில் காய்கிறது, தினமும் திருப்பிப் போடுகிறேன். சீற்றைக் கழற்றியபோது மகளின் சலங்கையிலிருந்து விழுந்த மணிகள் நான்கு அடியில் கிடந்தன.

வளைந்த றொட்டை வாங்கி வைத்திருக்கிறேன். பார்வைக்கு நேராகத்தான் தெரிகிறது. புது றொட் வாங்கும்போது அத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சின்னக் கேள்வி. 40இல் போகும்போது இடது பின் சக்கரத்தில் மெல்லிய "ஊ" சத்தம் கேட்கிறது. வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது.

தெமட்டகொடை பாஸ்:

சக்கரப் பெயாரிங்காக இருக்கும், தண்ணீர் உள்ளே போய் கிறீஸ் கழுவுப்பட்டிருக்கும். வளைவில் வலது பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுகிறதா என்று கவனியுங்கள், கூடினால் அதுதான். இந்தக் கிழமைக்குள் மாற்றிவிடுங்கள், அதுவரை தூரப் பயணம் வேண்டாம்.